நான்கு கோடு சிக்னல் இருந்தும் ஆட்டம் தடுமாறுவது ஏன்? நீலகிரியில் இணைய விளையாட்டுகளின் தாமதக் கணக்கு

குன்னூரிலும் கோத்தகிரியிலும் மாலை நேரத்தில் பி.ஜி.எம்.ஐ., ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் போன்ற ஆட்டங்களை ஆடுகிறவர்களிடம் ஒரே மாதிரியான புகார் இருக்கிறது. கைபேசியில் சிக்னல் கோடுகள் முழுதாக உள்ளன. வேகச் சோதனைச் செயலி 30 எம்.பி.பி.எஸ். என்று காட்டுகிறது, ஆனாலும் குறிபார்த்துச் சுட்ட குண்டு எதிராளி மேல் படுவதில்லை, சுவருக்குப் பின்னால் மறைந்த பிறகும் ஆட்டக்காரர் சுடப்பட்டு விழுகிறார். அதே நிறுவனத்தின் சிம், அதே விலைக் கைபேசி வைத்திருக்கும் கோவை நண்பருக்கு இந்தத் தொல்லை இல்லை. ‘நெட் ஸ்லோ’ என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், கூடுதல் விலைக்கு டேட்டா பேக் போடுவதே வழக்கமான தீர்வு. பெரும்பாலான நேரங்களில் அந்தக் காரணமும் தவறு, தீர்வும் வீண் செலவு.

மலையில் ஆட்டத்தைக் கெடுப்பது வேகக் குறைவு அன்று. தாமதம் ஒரு நிலையில் நில்லாமல் ஏறி இறங்குவதே. அந்த ஏற்ற இறக்கம் எந்த இடத்தில் பிறக்கிறது என்று தெரிந்தால்தான் எதைச் சரிசெய்ய முடியும், எதைச் சரிசெய்ய முடியாது என்பது விளங்கும்.

இக்கட்டுரை பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைப் பற்றியது அன்று. அவற்றை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. மின்விளையாட்டுப் போட்டிகளையும் பொழுதுபோக்கு ஆட்டங்களையும் அச்சட்டம் தனி வகைகளாக வைத்திருக்கிறது. இங்கே பேசப்படுபவை இவ்விரு வகைகளே.

முதலில் சில சொற்கள்

1. அலைவரிசை அகலம்: ஒரு விநாடியில் எவ்வளவு தரவு செல்லும் என்பதன் அளவு. எம்.பி.பி.எஸ். என்ற அலகில் விளம்பரங்களில் வருவது இதுதான்.

2. பிங்: கைபேசியிலிருந்து புறப்பட்ட சிறு தரவுப் பொட்டலம் ஒன்று சர்வருக்கு (ஆட்டத்தை நடத்தும் தொலைவிலுள்ள கணினிக்கு) போய், மறுமொழி திரும்பி வர எடுக்கும் நேரம். இது மில்லி விநாடியில் அளக்கப்படுகிறது. ஒரு விநாடிக்கு 1,000 மில்லி விநாடி.

3. ஜிட்டர்: பிங் ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் எவ்வளவு மாறுகிறது என்பது.

4. பொட்டல இழப்பு: அனுப்பியவற்றுள் போய்ச் சேராதவற்றின் விகிதம்.

5. ஃபிரேம் வீழ்ச்சி: இணையத்துக்குத் தொடர்பில்லாதது. கைபேசியின் சில்லு சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்போது படம் விட்டுவிட்டு ஓடுவது. இதையும் பலர் ‘லேக்’ என்ற கணக்கிலேயே சேர்க்கிறார்கள். உதகையின் குளிர் இந்த ஒரு விஷயத்தில் ஆட்டக்காரருக்கு உதவுகிறது: சமவெளியின் மே மாத வெயிலில் அரை மணி நேரத்தில் கொதிக்கும் கைபேசி, இங்கே நெடுநேரம் தாக்குப்பிடிக்கும்.

முதல் இரண்டையும் குழப்பிக்கொள்வதே பெரும்பாலான தவறான செலவுகளுக்குக் காரணம். மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைச்சாலையை எட்டு வழிச்சாலையாக அகலப்படுத்தினால் ஒரே நேரத்தில் அதிக வண்டிகள் ஏறலாம்; ஆனால் 14 கொண்டை ஊசி வளைவுகளும் அப்படியே இருக்கும் வரை, காலியான சாலையில் தனியே ஏறும் ஒரு வண்டி குன்னூர் சேரும் நேரம் பெரிதாகக் குறையாது. அலைவரிசை அகலம் சாலையின் அகலம். பிங் அந்த ஒரு வண்டியின் பயண நேரம். துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களுக்குத் தேவையான தரவு மிகச் சிறியது. ஆட்டக்காரர் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் திரும்பினார், எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பவை மட்டுமே பொட்டலங்களாகச் செல்கின்றன. காட்சிப் படங்கள் கைபேசிக்குள்ளேயே உருவாகின்றன. எனவே 5 எம்.பி.பி.எஸ். போதுமான இடத்தில் 100 எம்.பி.பி.எஸ். வாங்குவதால் ஆட்டம் மேம்படாது. புதுப்பிப்புகளைப் பதிவிறக்கும் நேரம் மட்டுமே குறையும்.

தொலைவு காரணமா?

‘சர்வர் தூரம், மலையில் இருக்கிறோம், அதனால்தான்’ என்ற விளக்கமும் அடிக்கடி கேட்கக் கிடைக்கிறது. இதைக் கணக்குப் போட்டே சோதித்துவிடலாம்.

வெற்றிடத்தில் ஒளியின் வேகம் விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கி.மீ. கண்ணாடி இழைக்குள் அது மூன்றில் இரண்டு பங்காக, ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. ஆகக் குறைகிறது. அதாவது 1,000 கி.மீ. தொலைவுக்குப் போய்வர இழைக்குள் 10 மில்லி விநாடி ஆகும். இந்த எண்ணை எந்த நிறுவனமும் எந்தத் தொழில்நுட்பத்தாலும் அதே இழையில் குறைக்க முடியாது.

உதகையிலிருந்து நேர்கோட்டில் சென்னை சுமார் 430 கி.மீ., மும்பை சுமார் 950 கி.மீ., சிங்கப்பூர் சுமார் 3,200 கி.மீ. எனவே போய்வர ஆகும் மிகக் குறைந்த நேரம் முறையே 4.3, 9.5, 32 மில்லி விநாடி. கம்பிவடங்கள் நேர்கோட்டில் செல்வதில்லை, இடையில் பல ரூட்டர்கள் உள்ளன என்பதால் உண்மையான எண்கள் இவற்றைவிடக் கூடுதலாக இருக்கும். கவுண்டர் ஸ்ட்ரைக் 2 ஆட்டத்துக்குச் சென்னையிலும் மும்பையிலும் சர்வர்கள் இருக்கின்றன. வேலரண்ட் ஆட்டத்துக்கு மும்பையில் இருக்கிறது. ஆகவே சர்வர் எட்டாத தொலைவில் இருக்கிறது என்ற குறை இன்றைய பெரிய ஆட்டங்கள் பலவற்றுக்குப் பொருந்தாது.

இன்னும் முக்கியமான கணக்கு இது. கோவைக்கும் உதகைக்கும் இடையே சாலை வழியாகவே அளந்தாலும் நூறு கிலோமீட்டருக்குள்தான். அந்தத் தொலைவு கோவை நண்பரைவிட உதகை ஆட்டக்காரருக்குக் கூட்டும் தாமதம் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவு. கோவையில் 45 என்று நிற்கும் பிங், கோத்தகிரியில் 60க்கும் 250க்கும் இடையே துள்ளுகிறது என்றால் அந்த வேறுபாட்டைத் தொலைவால் விளக்கவே முடியாது. காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது. 2021 ஜூலையில் அதன் இந்தியப் பதிப்பான பி.ஜி.எம்.ஐ. வந்து, 2022 ஜூலையில் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பியது. அந்த இடைவெளிகளில் வி.பி.என். (இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் சேவை) வழியாக ஆடிப் பழகிய சிலர் அதை இன்னும் விடவில்லை. வி.பி.என். சர்வர் சிங்கப்பூரில் இருந்தால், மும்பைக்குப் போக வேண்டிய பொட்டலமும் சிங்கப்பூர் சென்று திரும்பித்தான் மும்பை சேரும். ‘பிங்கைக் குறைக்கும்’ என்று விற்கப்படும் செயலிகளும் இதே வகைதான்: நிறுவனத்தின் வலையமைப்புக்கு வெளியே உள்ள பாதையை அவை மாற்றலாமே தவிர, கைபேசிக்கும் கோபுரத்துக்கும் இடையே உள்ள சிக்கலைத் தொடக்கூட முடியாது.

மறைந்த பிறகும் சுடப்படுவது எப்படி?

தாமதம் ஆட்டத்துக்குள் எப்படித் தெரிகிறது என்பதை அறிய, சர்வர் ஆட்டத்தை நடத்தும் முறையைப் பார்க்க வேண்டும். ஆட்டத்தின் உண்மை நிலை எந்தக் கைபேசியிலும் இல்லை, சர்வரில்தான் இருக்கிறது. சர்வர் விநாடிக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் அந்த நிலையைக் கணக்கிட்டு அனைவருக்கும் அனுப்புகிறது. இந்த ஒவ்வொரு கணக்கீட்டுக்கும் ‘டிக்’ என்று பெயர். வேலரண்ட் சர்வர்கள் விநாடிக்கு 128 டிக் வீதம், அதாவது ஏறத்தாழ 7.8 மில்லி விநாடிக்கு ஒரு முறை இதைச் செய்கின்றன.

பொத்தானை அழுத்தி, செய்தி சர்வர் சென்று, விடை வந்த பிறகுதான் திரையில் கால் நகரும் என்றால் எந்த ஆட்டமும் ஆட முடியாததாகிவிடும். எனவே மூன்று உத்திகள் கையாளப்படுகின்றன.

1. முன்கணிப்பு: தன் ஆட்டக்காரரின் அசைவைக் கைபேசி உடனே காட்டிவிடுகிறது, சர்வரின் ஒப்புதல் பின்னால் வருகிறது. ஒப்புதல் மாறாக வந்தால் ஆட்டக்காரர் சற்றுப் பின்னுக்கு இழுக்கப்படுகிறார். ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று பழைய இடத்துக்குத் தள்ளப்படுவதன் காரணம் இதுதான்.

2. இடைநிரப்பல்: எதிராளிகளின் நிலை பற்றிய செய்திகள் விட்டுவிட்டு வருவதால், கைபேசி சில செய்திகளைச் சேமித்து வைத்து அவற்றுக்கு இடைப்பட்ட அசைவைத் தானே வரைந்து காட்டுகிறது. ஆகவே திரையில் தெரியும் எதிராளி எப்போதும் சிறிது பழையவர்.

3. தாமத ஈடு: ஒருவர் சுட்டார் என்ற செய்தி வந்ததும், சுட்ட நொடியில் அவர் திரையில் காட்சி எப்படி இருந்ததோ அந்நிலைக்குச் சர்வர் தன் கணக்கைப் பின்னோக்கித் திருப்பி, குண்டு பட்டதா என்று முடிவு செய்கிறது.

மூன்றாவது உத்தி சுடுகிறவருக்கு நியாயம் செய்கிறது. அதன் விலையை மறைகிறவர் கொடுக்கிறார். ஒருவருக்குப் பிங் 120, எதிராளிக்கு 40 என்று கொள்வோம். முதலாமவர் சுவருக்குப் பின்னால் மறைந்த செய்தி சர்வர் சேர 60 மில்லி விநாடி, அங்கிருந்து எதிராளிக்குச் சேர 20 மில்லி விநாடி, இடைநிரப்பலுக்காக இன்னொரு 30 என்று வைத்தால், மொத்தம் 110 மில்லி விநாடி எதிராளியின் திரையில் அவர் வெளியேதான் நிற்கிறார். விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடுகிற ஒருவர் அந்த நேரத்தில் 66 செ.மீ. கடந்துவிடுவார், ஒரு மனிதரின் தோளகலத்தைவிடக் கூடுதலான தொலைவு அது. இரு தரப்பும் தம் திரையில் கண்டது உண்மை. சர்வர் ஒருவரை நம்பியாக வேண்டும், சுட்டவரை நம்புகிறது. இதில் மோசடி எதுவும் இல்லை. எதிராளியை ‘ஹேக்கர்’ என்று புகாரளிப்பவர்கள் முதலில் தம் பிங் எண்ணைப் பார்ப்பது நல்லது.

மேற்கண்ட மூன்று உத்திகளும் பிங் ஓரளவு நிலையாக இருக்கும் என்ற அடிப்படையில் அமைந்தவை. 90 என்று அசையாமல் நிற்கும் பிங்கோடு ஒருவர் தன் கையைப் பழக்கிக்கொள்ள முடியும். ஆட்டமும் தன் சேமிப்பை அதற்கேற்ப வைத்துக்கொள்ளும். 40, 45, 210, 50, 180 என்று துள்ளும் பிங்கின் சராசரி ஏறத்தாழ 105தான். ஆனால் 210 வந்த நொடியில் சேமிப்பு தீர்ந்து எதிராளி உறைந்து நின்று, அடுத்த நொடியில் வேறிடத்தில் தோன்றுவார். சராசரி எண் இங்கே ஏமாற்றக்கூடியது. வேகச் சோதனைச் செயலியும் இதனால்தான் பயன்படுவதில்லை: அது பல இணைப்புகளைத் திறந்து, பத்து விநாடி போல ஓடி, மொத்தத் தரவைச் சராசரி எடுக்கிறது; இடையே வந்த கால் விநாடி உறைவு அந்தச் சராசரியில் கரைந்துபோகிறது. காணொளி பார்ப்பவருக்கும் அது தெரியாது, ஏனெனில் காணொளி முன்கூட்டியே இறக்கி வைக்கப்பட்டிருக்கும். ஆட்டத்தில் அடுத்த நொடியை முன்கூட்டி இறக்கி வைக்க வழியில்லை.

மலை செய்வது என்ன?

கைபேசிக்கும் கோபுரத்துக்கும் இடையே உள்ள சில கிலோமீட்டர்களே மலைவாழ் ஆட்டக்காரரின் தாமதத்தில் பெரும்பங்கைத் தீர்மானிக்கின்றன.

சரிவின் மறுபக்கம். மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்திலும், உதகை 2,240 மீட்டர் உயரத்திலும், தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இந்த ஏற்றத்துக்குள் மடிப்பு மடிப்பாகப் பள்ளத்தாக்குகள். சமவெளியில் ஒரு கோபுரம் சுற்றிலும் வட்டமாகப் பரவும். கேத்தி போன்ற பள்ளத்தாக்கிலோ கோத்தகிரியின் தேயிலைச் சரிவிலோ, கோபுரத்துக்கு முதுகு காட்டி நிற்கும் வீட்டுக்கு நேர்ப்பார்வை கிடைக்காது. அலை முகட்டில் வளைந்தோ எதிர்ச்சரிவில் பட்டுத் தெறித்தோதான் வந்து சேர வேண்டும். 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 செ.மீ.; 2,300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 13 செ.மீ.; 5ஜிக்குப் பயன்படும் 3,500 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 9 செ.மீ.க்கும் குறைவு. நீளம் கூடிய அலை முகட்டைச் சுற்றி எளிதில் வளையும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். நீளம் குறைந்த அலை அதிகத் தரவைச் சுமக்கும், ஆனால் தடை வந்தால் மடங்கிவிடும். ஆகவே 5ஜி எல்லையின் விளிம்பில் இருக்கும் வீடுகளில் கைபேசி 5ஜிக்கும் 4ஜிக்கும் இடையே மாறிமாறித் தாவுகிறது. ஒவ்வொரு தாவலும் ஒரு பிங் துள்ளல். அத்தகைய வீடுகளில் ஆட்ட நேரத்தில் கைபேசியை 4ஜியில் மட்டும் நிறுத்தி வைப்பது, பார்க்கப் பின்னடைவாகத் தெரிந்தாலும், ஆட்டத்துக்கு நன்மையே செய்கிறது.

முகட்டின் மேல். சரிவில் இருப்பவருக்குக் கோபுரம் தெரியாதது சிக்கல் என்றால், விளிம்பில் இருப்பவருக்கு அளவுக்கு மிஞ்சித் தெரிவது சிக்கல். கோடநாடு காட்சிமுனையிலோ லேம்ப்ஸ் ராக் பக்கத்திலோ நிற்கும் கைபேசிக்குக் கீழே சமவெளியின் கோபுரங்கள் பல ஒரே நேரத்தில், ஏறத்தாழ ஒரே வலிமையில் கேட்கின்றன. எதைப் பற்றிக்கொள்வது என்று கைபேசியால் நிலையாக முடிவெடுக்க முடிவதில்லை. ஒன்றை விட்டு ஒன்றுக்கு மாறிக்கொண்டே இருக்கிறது. பிடித்த கோபுரத்துக்கு மற்றவை எல்லாம் இரைச்சல். திரையில் கோடுகள் முழுதாக இருக்கும், ஏனெனில் அவை அலையின் வலிமையை மட்டுமே காட்டுகின்றன. இரைச்சலோடு ஒப்பிட்ட தரத்தையும் காட்டுவதில்லை, அந்தக் கோபுரத்தை இன்னும் எத்தனை பேர் பங்கிடுகிறார்கள் என்பதையும் காட்டுவதில்லை. தலைப்பில் உள்ள கேள்விக்கான விடையின் முதற்பாதி இதுவே.

மறு அனுப்பல். அலையின் தரம் குறையும்போது பொட்டலம் சிதைந்து வருகிறது. 4ஜி முறையில் கைபேசியும் கோபுரமும் அதைத் தாமே கண்டறிந்து மீண்டும் அனுப்பிக்கொள்கின்றன. ஒவ்வொரு மறு அனுப்பலுக்கும் பொதுவாக 8 மில்லி விநாடி அளவு கூடும். இரண்டு மூன்று முறை தவறினால் அதற்கு மேலுள்ள மென்பொருள் அடுக்கு தலையிட்டு இன்னும் நீண்ட காத்திருப்பை உண்டாக்கும். தரவு இழக்கப்படவில்லை என்பதால் பதிவிறக்கம் செய்பவருக்கு எதுவும் தெரியாது. ஆட்டக்காரருக்கு மட்டும், பிந்தி வந்த பொட்டலம் வராத பொட்டலத்துக்குச் சமம்.

மரமும் மழையும். நீலகிரி மாவட்டப் பரப்பில் பாதிக்கு மேல் காடு. தேயிலைத் தோட்டங்களிலும் நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்கள் நிறைந்திருக்கின்றன. நனைந்த இலைக்கூட்டம் காய்ந்த இலைக்கூட்டத்தைவிட அலையை அதிகம் விழுங்கும். ஆனால் மூடுபனியின் மேல் சொல்லப்படும் பழி பொருந்தாது: பனித்துளிகள் கைபேசி அலைகளைத் தடுக்க முடியாத அளவு நுண்ணியவை. மழையும்கூடக் கைபேசி அலையை நேரடியாகப் பெரிதாகப் பாதிப்பதில்லை. அது கெடுப்பது கோபுரத்துக்குப் பின்னால் உள்ள இணைப்பை.

கோபுரத்துக்குப் பின்னால்

ஒவ்வொரு கோபுரமும் எங்கோ ஓரிடத்தில் பெரிய வலையமைப்போடு இணைய வேண்டும். நகரங்களில் அதைக் கண்ணாடி இழை செய்கிறது. காட்டுக்குள் பள்ளம் தோண்ட அனுமதி எளிதில் கிடைக்காத, பாறை நிறைந்த மலையில், பல கோபுரங்கள் வட்டத் தட்டு வைத்த நுண்ணலை இணைப்பால் அடுத்த முகட்டுக் கோபுரத்தோடு பேசுகின்றன. இவ்விணைப்புகள் 13, 15, 18 கிகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அலைவரிசைகளில் இயங்குகின்றன. இங்கே அலைநீளம் ஒன்றிரண்டு செ.மீ. மட்டுமே என்பதால் பெருமழைத் துளிகள் அவற்றைச் சிதறடிக்கின்றன. கருவி உடனே அறுந்துபோவதில்லை. தாக்குப்பிடிப்பதற்காகத் தன் தரவு அளவைக் குறைத்துக்கொள்கிறது. குறைந்த வழியில் பழைய கூட்டம் அப்படியே நுழைய முற்படும்போது வரிசை உண்டாகிறது, வரிசை பிங்காகத் தெரிகிறது. 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மி.மீ. மழை பதிவான மாவட்டம் இது. தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர் பக்கத்து ஆட்டக்காரர்கள் படும் பாட்டுக்கு அவர்களுடைய கைபேசி காரணமன்று.

இழை உள்ள இடங்களும் தப்பிவிடுவதில்லை. அது மலைச்சாலையின் ஓரமாகவே செல்கிறது. மண்சரிவில் சாலை போனால் இழையும் போகிறது. மாற்றுப் பாதை ஏதேனும் இருந்தால் போக்குவரத்து சுற்றி வருகிறது. மின்வெட்டு நீண்டு ஒரு கோபுரத்தின் மின்கலம் தீர்ந்தால், அதன் பயனர்கள் அனைவரும் அடுத்த கோபுரத்தின் மேல் விழுகிறார்கள்.

மே மாதக் கூட்டம்

விடையின் மறுபாதி இங்கே இருக்கிறது. ஒரு கோபுரத்தின் திறன் அதில் இணைந்துள்ள எல்லோருக்கும் பொதுவானது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் உதகைக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பு வைக்கப்பட்டது. ஒரு வாகனத்தில் நால்வர் என்று வைத்தாலே வார இறுதி நாளில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட கைபேசிகள் புதிதாக வந்து சேர்கின்றன. மலர்க்கண்காட்சி நாளில் அவர்கள் அனைவரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் படமும் காணொளியும் மேலேற்றுகிறார்கள். கைபேசி வலையமைப்பில் மேலேற்றும் பாதை பொதுவாகவே குறுகியது, ஆட்டக்காரரின் பொத்தான் அழுத்தங்கள் செல்வதும் அந்தப் பாதையில்தான். உள்ளூர்க்காரர் ஒருவர் மே மாத மாலையில் தரவரிசைப் போட்டி ஆடாமல், காலை ஆறு மணிக்கு ஆடுவது வெறும் விருப்பம் சார்ந்த தேர்வன்று.

எந்த ஆட்டம் எவ்வளவு தாங்கும்

மலையில் வாழ்கிறவர் இணைய விளையாட்டையே விட்டுவிட வேண்டியதில்லை. ஆட்டங்கள் தாமதத்தை ஏற்கும் அளவில் பெரிதும் வேறுபடுகின்றன.

துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களும், இருவர் நேருக்கு நேர் மோதும் கால்பந்து, சண்டை ஆட்டங்களும் மிகக் கூருணர்வு கொண்டவை. பி.ஜி.எம்.ஐ. போன்ற பெருவெளி ஆட்டத்தில் தொலைவிலிருந்து திட்டமிட்டு ஆடுவதற்கு இடமிருப்பதால் ஓரளவு சமாளிக்கலாம். மூலைக்கு மூலை மோதும் வேலரண்டில் அந்த இடமும் இல்லை.

சதுரங்கத்தில் நிலைமை வேறு. லிசெஸ் தளத்தின் சர்வர் பிரான்சில் இருந்தும், ஆட்டக்காரரின் இணையத் தாமதத்தை ஓர் அளவு வரை கணக்கிட்டுக் கடிகாரத்தில் ஈடுசெய்வதால், மூன்று நிமிட ஆட்டங்கள் கோத்தகிரியிலிருந்தும் நியாயமாக நடக்கின்றன. லூடோ கிங், கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் ஆகியவற்றில் அரை விநாடித் தாமதம் எந்த முடிவையும் மாற்றாது. சென்னை நிறுவனமான நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா உருவாக்கிய வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப் ஆட்டத்தைக் கணினியை எதிர்த்து ஆடும்போது பிங் என்ற கேள்வியே எழுவதில்லை.

ஒருமுறை இறக்கிவிட்டால் இணையமே தேவைப்படாத ஆட்டங்கள் மலைக்கு மிகவும் ஏற்றவை என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து. ஸ்டார்டூ வேலி, 2025 செப்டம்பரில் வெளிவந்த ஹாலோ நைட்: சில்க்சாங் ஆகியவை அந்த வகை. தமிழ் வாசகர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ‘வெண்பா’. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையை, இட்லியும் புட்டும் சமைப்பதன் வழியாகச் சொல்லும் இந்த ஆட்டத்தை டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 2024ஆம் ஆண்டு பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதும் அதற்குக் கிடைத்தது. மழையில் கோபுரம் அணைந்த மாலையிலும் இதை ஆடி முடிக்கலாம்.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது மேகக்கணினி விளையாட்டு. இதில் ஆட்டம் தொலைவிலுள்ள கணினியில் ஓடி, ஒவ்வொரு காட்சியும் காணொளியாக வந்து சேர்கிறது. ஜிஃபோர்ஸ் நவ் சேவை 1080பி தரத்தில் விநாடிக்கு 60 ஃபிரேம் பெற 25 எம்.பி.பி.எஸ். வேகமும், 80 மில்லி விநாடிக்குக் குறைந்த தாமதமும் கேட்கிறது. முன்கணிப்பு உத்தி எதுவும் இங்கே பெரிதாக உதவாது. கைபேசி இணைப்பை மட்டும் நம்பி மலையில் இதற்குச் சந்தா கட்டுவது பரிந்துரைக்கத்தக்கதன்று.

தாமதம் எங்கே பிறக்கிறது என்று கண்டறிதல்

1. வீட்டில் வைஃபை இருந்தால் முதலில், பிங் அளக்கும் செயலி ஒன்றின் மூலம், ரூட்டரின் சொந்த முகவரிக்கே பிங் அனுப்பிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது 192.168.1.1 ஆக இருக்கும். அங்கேயே எண் 5ஐத் தாண்டித் துள்ளினால் குற்றம் வீட்டுக்குள். பழைய கற்சுவர் வீடுகளில் இது சாதாரணம். ரூட்டரை இடம் மாற்றுவதோ கம்பி இழுப்பதோ போதும்.

2. அடுத்து 1.1.1.1 போன்ற பொது முகவரிக்கு ஐந்து நிமிடம் தொடர்ந்து அனுப்பி, சராசரியைப் பார்க்காமல் மிகக் குறைந்த எண்ணையும் மிகக் கூடிய எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

3. இதையே வீட்டில் வேறொருவர் பெரிய கோப்பை மேலேற்றும்போது திரும்பச் செய்ய வேண்டும். சும்மா இருக்கும்போது 40, மேலேற்றும்போது 400 என்றால், ரூட்டர் பொட்டலங்களை அளவுக்கு மீறி வரிசையில் நிறுத்தி வைக்கிறது என்று பொருள். வாட்ஸப் காப்புப்படி, புகைப்படக் காப்புப்படி ஆகியவற்றை இரவுக்கு மாற்றினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும், ரூட்டரில் எஸ்.க்யூ.எம். என்ற வரிசை மேலாண்மை வசதி இருந்தால் அதை இயக்குவது முழுத் தீர்வு.

4. கைபேசி இணைப்பு என்றால், அமைப்புகளில் சிம் நிலை பக்கத்தில் காட்டப்படும், சிக்னலின் வலிமையைக் குறிக்கும் டிபிஎம் எண்ணைப் பார்க்க வேண்டும். 4ஜியில் −85 நன்று, −110 மோசம். வீட்டின் நான்கு பக்கங்களிலும் இதை அளந்தால், கோபுரத்தை நோக்கிய சன்னல் எது என்பது தெரிந்துவிடும். −85 இருந்தும் பிங் துள்ளுகிறது என்றால் கூட்டமோ இரைச்சலோ காரணம். சன்னலை மாற்றிப் பயனில்லை.

5. அதிகாலையிலும் இரவு எட்டு மணிக்கும் எடுத்த அளவுகள் பெரிதும் வேறுபட்டால் அது கூட்டத்தின் வேலை. இரண்டும் ஒன்றாகவே மோசமாக இருந்தால் அது மலையின் வேலை.

கூட்டம்தான் காரணம் என்றால் நிறுவனத்தை மாற்றிப் பார்ப்பதில் பொருளுண்டு. மலைதான் காரணம் என்றால், அதே கோபுரக் கம்பத்தைப் பல நிறுவனங்கள் பங்கிட்டுக்கொள்வதால், மாற்றியும் பயனில்லாமல் போகலாம். அங்கே கம்பி வழி இழை இணைப்பு கிடைக்குமா என்று விசாரிப்பதே சரி. செயற்கைக்கோள் இணைப்பிலும் வேறுபாடு அறிய வேண்டும். 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கும் பழைய வகைக் கோள்களின் வழியே போய்வர அரை விநாடிக்கு அருகே ஆகிவிடும். ஆட்டத்துக்கு அவை உதவா. 2025இல் இந்தியாவில் உரிமம் பெற்ற ஸ்டார்லிங்கின் கோள்கள் சுமார் 550 கி.மீ. உயரத்தில் சுற்றுவதால், ஏறி இறங்கும் பயணம் மட்டும் என்றால் 8 மில்லி விநாடிக்குள் அடங்கும். ஆனால் அத்தகைய தட்டுக்கு வானம் பரவலாகத் திறந்திருக்க வேண்டும். யூகலிப்டஸ் சூழ்ந்த பள்ளத்தாக்கு வீட்டில் அந்த வானத்தைத் தேட வேண்டியிருக்கும்.

புகார் கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. 2024 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) சேவைத் தர விதிகளில் தாமதமும் பொட்டல இழப்பும் அளவுகோல்களாக உள்ளன. நிறுவனங்கள் தம் சேவை எல்லை வரைபடங்களை இணையதளத்தில் வெளியிடவும் வேண்டும். மாநிலம் முழுவதற்கும் எடுக்கும் சராசரியில் ஒரு பள்ளத்தாக்கின் குறை தெரியாமலே போய்விடும் என்பதால், ‘நெட் சரியில்லை’ என்று மட்டும் சொல்லும் புகாருக்குப் பலன் இருக்காது. இடம், நாள், நேரம், டிபிஎம் எண், மிகக் குறைந்த பிங், மிகக் கூடிய பிங், வரைபடத்தில் அந்த இடம் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது என்ற விவரம் ஆகியவற்றோடு எழுதி, புகார் எண்ணை வாங்கிக்கொண்டு, தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அந்த எண்ணோடு அனுப்ப வேண்டும். ஒரே ஊரிலிருந்து பத்துப் பேர் இவ்வாறு எழுதினால், அந்தக் கோபுரத்தின் பெயரிலேயே ஒரு பதிவு உருவாகிவிடும்.